முதலில் டிஎன்ஏ பாட்டில், கடைசியில் வலை: ஏரியின் நலம் பார்க்கத் தொடங்குவோருக்கு

கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் கையைத் தண்ணீரில் நனைத்துப் பார்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அன்றைக்கு அந்த ஏரிக்குள் முதலில் இறங்க வேண்டியது டிஎன்ஏ மாதிரி எடுக்கும் பாட்டில். அப்புறம்தான் வெப்பமானி, நீரின் தெளிவை அளக்கும் செக்கி வட்டு, வலை எல்லாம். இந்த வரிசை ஒருமுறை குலைந்து, மற்ற கருவிகளில் ஒட்டிவந்த டிஎன்ஏ தண்ணீரில் கலந்துவிட்டால், பிறகு ஆய்வகத்தில் எவ்வளவு செலவழித்தாலும் அன்றைய மாதிரியைச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏரி, குளம், ஆறு, நீர்த்தேக்கம் என ஏதோ ஒன்றைத் தொடர்ந்து கவனித்துவர ஆசைப்படும் ஆசிரியர், மாணவர், ஆர்வலர் யாருக்கும் இது பயன்படும். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்த பழக்கம் இருந்தால் போதும். டிஎன்ஏ வேலையின் பின்பாதியை ஓர் ஆய்வகம் செய்து தரும். முன்பாதி முழுக்க நம் கையில் இருக்கிறது, தவறுகள் பெரும்பாலும் நடப்பதும் அங்கேதான்.

இரண்டு வழிகள் எதற்கு?

நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வலுவில்லாமல் தண்ணீர் போகும் போக்கில் மிதந்து திரியும் உயிர்களுக்குப் பிளாங்க்டன் என்று 1887-இல் பெயர் வைத்தவர் விக்டர் ஹென்சன். தமிழில் மிதவையுயிரிகள். டயாட்டம், பச்சைப்பாசி, நீலப்பச்சைப்பாசி போன்றவை தாவர மிதவையுயிரிகள்; அவற்றைத் தின்னும் ரோட்டிஃபர், டாஃப்னியா, கோபிபாட் போன்றவை விலங்கு மிதவையுயிரிகள். இவற்றின் வாழ்நாள் மிகக் குறுகியது. பல பாசிகள் ஓரிரு நாளில் இரட்டிப்பாகிவிடும். ரோட்டிஃபரின் ஆயுளே பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான். ஏரிக்குள் உரச்சத்தோ கழிவோ புகுந்தால் மீன்களில் அதன் விளைவு தெரிய வருடங்கள் ஆகலாம்; மிதவையுயிரிகளில் சில நாட்களிலேயே தெரிந்துவிடும்.

வேதியியல் சோதனை மட்டும் போதாதா என்று கேட்பார்கள். பாசி பொங்கி நிற்கும் நேரத்தில் கரைந்த பாஸ்பேட்டை அளந்தால் பல நேரம் மிகக் குறைவாகவே காட்டும். பாசி அதையெல்லாம் உறிஞ்சித் தனக்குள் வைத்திருப்பதுதான் காரணம். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று தோன்றும்.

சரி, டிஎன்ஏ எதற்கு? எந்த உயிரும் தோல் செல், சளி, கழிவு, முட்டை என்று எதையாவது தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தத் தடயத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, உயிரைப் பார்க்காமலே அதன் பெயரைச் சொல்வதுதான் சுற்றுச்சூழல் டிஎன்ஏ முறை. பிரான்சின் குளங்களில் அமெரிக்கக் காளைத்தவளை இருப்பதை வெறும் தண்ணீரை வைத்தே கண்டறிந்த ஆய்வு 2008-இல் வந்தது. நன்னீர் விலங்குகளுக்கு இந்த வழி திறந்தது அங்கிருந்துதான். மிதவையுயிரிகளைப் பொறுத்தவரை வடிகட்டியில் சிக்குவது தடயம் மட்டும் அல்ல, பெரும்பாலும் முழு உயிரே சிக்குகிறது. அதனால் அவற்றின் டிஎன்ஏ தாராளமாகக் கிடைக்கும்.

எத்தனை இருக்கின்றன, எவ்வளவு பெரியவை, உயிரோடு இருக்கின்றனவா, முட்டை சுமக்கின்றனவா என்பதை மைக்ரோஸ்கோப் சொல்லும். கண்ணுக்குப் பிடிபடாத 2 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய செல்கள், பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும் கோபிபாட் குஞ்சுகள், வலையில் சிக்காத மீன்கள் ஆகியவற்றின் பெயரை டிஎன்ஏ சொல்லும். ஆனால் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லாது, உயிரோடு இருப்பதையும் செத்ததையும் பிரித்துக் காட்டாது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடுவது தவறு என்பது என் உறுதியான எண்ணம். ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரு மணி நேரத்துக்குள் இரண்டையும் எடுங்கள்.

படி 1: கேள்வியை எழுதி வையுங்கள்

“ஏரி நலமாக இருக்கிறதா” என்பது அளக்கக்கூடிய கேள்வி அல்ல. “வெயில் காலத்தில் நீலப்பச்சைப்பாசியின் பங்கு வருடா வருடம் கூடுகிறதா?”, “கழிவுநீர் கலக்கும் இடத்துக்குக் கீழே உயிர்க் கூட்டம் மாறுகிறதா?”, “இன்ன அயல் மீன் உள்ளே வந்துவிட்டதா?” இவை அளக்கக்கூடியவை. கடைசிக் கேள்விக்கு எல்லா உயிரையும் பட்டியலிடும் பெரிய சோதனை தேவையே இல்லை. அந்த ஓர் இனத்தின் டிஎன்ஏவை மட்டும் பல மடங்கு பெருக்கித் தேடும் பிசிஆர் சோதனை மலிவு, நுட்பமும் கூடுதல். இங்கிலாந்தில் பெரிய கொண்டை நியூட் என்ற நீர்நில வாழ்வியைக் குளங்களில் தேட 2014 முதல் இப்படித்தான் செய்கிறார்கள்: குளத்தைச் சுற்றி 20 இடங்களில் தண்ணீர் எடுக்க வேண்டும், அதுவும் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடிவுக்குள். கேள்வி தெளிவாக இருந்தால் விதிமுறையும் இவ்வளவு தெளிவாக அமைந்துவிடும்.

படி 2: இடமும் நேரமும்

ஏரியானால் மிக ஆழமான இடம் ஒன்று, நீர் உள்ளே வரும் வாய் ஒன்று, வெளியேறும் இடம் ஒன்று, செடிகள் நிறைந்த கரையோரம் ஒன்று. தொடக்கத்துக்கு இது போதும். இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அங்கேயே போங்கள்.

ஆற்றில் இரண்டு சிக்கல். வேகமான ஓட்டத்தில் மிதவையுயிரிகள் குறைவு. அங்கே கற்களின் மேல் படிந்திருக்கும் டயாட்டப் படலத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பதே மேல். இரண்டாவது, டிஎன்ஏ ஓட்டத்தோடு பயணம் செய்யும். ஸ்விட்சர்லாந்தில் ஓர் ஆற்றை ஆராய்ந்தபோது, மேலே உள்ள ஏரியில் வாழும் டாஃப்னியாவின் டிஎன்ஏ சுமார் 10 கிலோமீட்டர் கீழேயும் கிடைத்தது. ஆக, ஆற்று மாதிரியில் வரும் பெயர் நீங்கள் நிற்கும் இடத்துக்கு உரியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மேலே உள்ள முழு நீர்ப்பரப்பும் அதில் பேசுகிறது. தேங்கிய நீரிலோ டிஎன்ஏ அதிக தூரம் போகாது. வெயில், சூடு, நுண்ணுயிர்கள் சேர்ந்து சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் அதைச் சிதைத்துவிடும்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், விலங்கு மிதவையுயிரிகளில் பல பகலில் மீன் கண்ணுக்குத் தப்பி ஆழத்துக்குப் போய், இரவில் மேலே வரும். ஒரு மாதம் காலை 8 மணிக்கும் அடுத்த மாதம் நண்பகலுக்கும் எடுத்துவிட்டு, எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று கவலைப்படுவதில் பொருளில்லை. பாசி வேகமாக வளரும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மற்ற காலத்தில் மாதம் ஒருமுறை. ஒரு முழு வருடம் முடியும் வரை “கூடியது”, “குறைந்தது” என்று எதையும் அறிவிக்காதீர்கள்.

படி 3: பை நிரப்புதல்

புதிய கையுறைகள் நிறைய, ஒரு லிட்டர் பாட்டில்கள், மூடிய உறைக்குள் வரும் 0.45 மைக்ரான் வடிகட்டிகள், பெரிய சிரிஞ்சு அல்லது கைப்பம்பு, ஐஸ் பெட்டி, 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனால், பாசியைக் கெடாமல் வைக்கும் லூகோல் அயோடின் கரைசல், 20 சென்டிமீட்டர் செக்கி வட்டு, சுமார் 60 மைக்ரான் கண்ணுள்ள மிதவையுயிரி வலை, உயிர்காப்பு உடை. எழுத பென்சில்தான், எத்தனால் ஒரு சொட்டுப் பட்டாலும் பேனா மை கரைந்துவிடும்.

பாட்டில்களை முந்தின நாளே சுத்தம் செய்யுங்கள். வீட்டுப் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து 10 நிமிடமாவது ஊறவிட்டு, தூய நீரில் பலமுறை அலசுங்கள். மிச்சமிருக்கும் பிளீச் உங்கள் மாதிரியின் டிஎன்ஏவையும் அழித்துவிடும். ஆல்கஹாலால் துடைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆல்கஹால் கிருமியைக் கொல்லும், டிஎன்ஏவை அழிக்காது. பிளீச்சையும் ஆல்கஹாலையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, நச்சுப்பொருள் உண்டாகும்.

படி 4: தண்ணீரில்

முதலில் வெற்று மாதிரி. வீட்டிலிருந்து கொண்டுவந்த தூய நீரை அந்த இடத்தில் திறந்து, அதே வகைப் பாட்டிலில் ஊற்றி, ஏரி நீரை வடிகட்டப்போகும் அதே முறையில் வடிகட்டுங்கள். அதில் எந்த உயிரின் டிஎன்ஏவும் இருக்கக் கூடாது. இருந்தால் அது உங்களிடமிருந்து வந்தது. எங்கள் தொடக்க நாட்களில் ஒருமுறை வெற்று மாதிரியிலேயே அந்த ஏரி மீனின் டிஎன்ஏ தெளிவாக வந்து நின்றது. தேடிப் பார்த்ததில், முந்தைய முறை நனைந்த ஐஸ் பெட்டியைக் கழுவாமல் கொண்டு போயிருந்தோம். அன்றைய மாதிரி அத்தனையையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. மனம் வலித்தது, ஆனால் வெற்று மாதிரி எடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பொய்யை உண்மை என்று பதிவு செய்திருப்போம்.

அடுத்து டிஎன்ஏ நீர். படகானால் முன்பக்கத்திலிருந்து எடுங்கள். ஆற்றில் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, கீழிருந்து மேல்நோக்கி இடம் மாறுங்கள். ஓர் இடத்துக்குக் குறைந்தது மூன்று தனித்தனி பாட்டில்கள், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர், ஒவ்வோர் இடத்துக்கும் புதுக் கையுறை. அங்கேயே வடிகட்டிவிடுவது நல்லது. முடியாவிட்டால் ஐஸில் வைத்து ஒரு நாளுக்குள் வடிகட்டுங்கள். கலங்கல் நீரில் 0.45 மைக்ரான் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அழுத்திக் கிழிக்காமல் இரண்டு வடிகட்டியாகப் பிரியுங்கள், அல்லது 1 முதல் 5 மைக்ரான் வரை பெரிய துளைக்குப் போங்கள். எதைச் செய்தாலும் எத்தனை மில்லி வடிந்தது என்பதைக் குறிக்காமல் விடாதீர்கள். வடிகட்டியை எத்தனாலில் மூழ்கவைத்து, குளிரிலும் இருட்டிலும் வையுங்கள்.

டிஎன்ஏ பத்திரமாகப் பெட்டிக்குள் போன பிறகு வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன் அளவுகள். பிறகு செக்கி வட்டு. 1865-இல் ஆஞ்சலோ செக்கி கடலில் சோதித்த இந்த எளிய வட்டை விடப் பயனுள்ள கருவியை நான் பார்த்ததில்லை. நிழல் விழும் பக்கமாக, கறுப்புக் கண்ணாடி அணியாமல் இறக்குங்கள். மறையும் ஆழம், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரி. 1977-இல் கார்ல்சன் தந்த சூத்திரப்படி, ஆழத்தின் இயல் மடக்கையை 14.41-ஆல் பெருக்கி 60-இலிருந்து கழித்தால் ஏரியின் ஊட்ட நிலைக் குறியீடு கிடைக்கும். ஒரு மீட்டர் என்றால் 60, இரண்டு மீட்டர் என்றால் 50, அரை மீட்டர் என்றால் 70. 40-க்குக் கீழே சத்துக் குறைந்த தெளிந்த நீர், 50-க்கு மேலே சத்து மிகுந்த நீர் என்று பொதுவாகக் கொள்வார்கள். மழைக்குப் பிறகு சேறு கலங்கியிருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும். அங்கே கண்ணை மறைப்பது மண், பாசி அல்ல.

தாவர மிதவையுயிரியை எண்ணுவதற்கு வலையைப் பயன்படுத்தாதீர்கள். சிறிய பாசிகள் வலைக்கண் வழியே வெளியே போய்விடும், எண்ணிக்கை பொய்யாகும். நீண்ட குழாயால் மேற்பரப்பிலிருந்து செக்கி ஆழத்தின் இரண்டு மடங்கு வரை உள்ள நீரை ஒன்றாக எடுத்து, ஒரு பாட்டிலில் ஊற்றி, வெளிர் டீ நிறம் வரும்வரை லூகோல் விடுங்கள். 100 மில்லிக்கு ஒரு மில்லிக்குள் போதும். நிறம் மங்கினால் மீண்டும் சில சொட்டு. லூகோல் போட்டதும் பாசியின் இயல்பான நிறம் போய்விடும். அதனால் மருந்து போடாத சிறு பாட்டில் ஒன்றையும் குளிரில் எடுத்துவந்து அன்றைக்கே பாருங்கள். யூக்ளினா உடலை நெளித்து நகர்வதையும் ரோட்டிஃபர் தன் சக்கரத்தைச் சுழற்றுவதையும் உயிரோடு பார்த்த பிறகு இந்த வேலையை விட மனம் வராது.

கடைசியாக வலை. அடியைத் தொடாமல் இறக்கி, வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் செங்குத்தாக இழுங்கள். வலை வாயின் பரப்பை இழுத்த தூரத்தால் பெருக்கினால் வடிந்த நீரின் கன அளவு வரும். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள வலையை 4 மீட்டர் இழுத்தால் சுமார் 196 லிட்டர். அதைக் 100 மில்லியாகச் சுருக்கி, நன்றாகக் கலக்கி, ஒரு மில்லியில் 45 டாஃப்னியா எண்ணினீர்கள் என்று வையுங்கள்: மொத்தம் 4500, லிட்டருக்கு ஏறத்தாழ 23. பாசி மிகுந்த ஏரியில் வலை அடைத்துக்கொண்டு கணக்கை விடக் குறைவான நீரையே வடிக்கும். அப்போது இழுக்கும் தூரத்தைக் குறையுங்கள். பிடித்த உயிர்கள் சுருண்டுபோகாமல் இருக்க முதலில் சோடா நீர் சேர்த்து மயங்கவிட்டு, பிறகு எத்தனால் ஊற்றுங்கள். பழைய நூல்களில் ஃபார்மலின் என்று இருக்கும். அது டிஎன்ஏவைக் கெடுக்கும், மூக்குக்கும் நுரையீரலுக்கும் கேடு.

தண்ணீர் பச்சைப் பெயிண்ட் ஊற்றியதுபோல் இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஒரு தெளிந்த கண்ணாடிப் பாட்டிலை முக்கால்வாசி நிரப்பி, மூடி, ஓர் இரவு குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் மேலே பச்சை வளையம் கட்டி மிதந்தால் நீலப்பச்சைப்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். அடியில் படிந்தால் பெரும்பாலும் வேறு பாசி. இது முதல் சந்தேகத்துக்கான சோதனை மட்டுமே. நச்சு இருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். நீலப்பச்சைப்பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் நச்சுக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் நீண்டகால வழிகாட்டு அளவு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்தான்.

படி 5: எண்ணுதல்

செட்ஜ்விக்-ராஃப்டர் எண்ணும் தட்டு ஒரு மில்லி கொள்ளும். தொடங்குவோருக்கு இது போதும். லூகோல் மாதிரியை உயரமான அளவு உருளையில் இரண்டு நாள் அசைக்காமல் வைத்து, மேல்நீரை மெதுவாக உறிஞ்சி எடுத்து, அடியில் உள்ளதை எண்ணுங்கள். அடியிலிருந்து பார்க்கும் தலைகீழ் மைக்ரோஸ்கோப் கிடைத்தால், செல்களைத் தட்டின் அடியில் படியவிட்டு எண்ணும் ஊட்டர்மோல் முறைக்கு மாறலாம். 100 அலகு எண்ணினால் பிழை கூடவோ குறையவோ சுமார் 20 சதவீதம், 400 எண்ணினால் சுமார் 10 சதவீதம். கூட்டமாக வாழும் பாசியில் ஒரு செல்லை ஓர் அலகாக எண்ணுவதா, ஒரு கூட்டத்தையா என்பதை முதல் நாளே முடிவுசெய்து கடைசி வரை மாற்றாமல் இருங்கள்.

இனப் பெயர் வரை போகத் துடிக்காதீர்கள். பேரினம் தெரிந்தாலே நிறையச் சொல்லலாம். 1969-இல் பால்மர் தந்த கரிமக் கழிவுக் குறியீடுகளில் ஒன்று பேரின அளவில்தான் நிற்கிறது: யூக்ளினாவுக்கு 5 புள்ளி, சீனிடெஸ்மஸுக்கு 4, நேவிகுலாவுக்கு 3 என்று கூட்டி, 20 அல்லது அதற்கு மேல் வந்தால் கரிமக் கழிவு மிகுதி, 15 முதல் 19 வரை வந்தால் இருக்கலாம்.

விலங்கு மிதவையுயிரிகளில் நான் முதலில் பார்ப்பது பெயரை அல்ல, உடல் அளவை. பெரிய டாஃப்னியாக்கள் நிறைய இருந்தால் அவை பாசியை வடிகட்டித் தின்று நீரைத் தெளிவாக வைத்திருக்கும். சிறு மீன்கள் பெருகினால் கண்ணில் படும் பெரியவற்றைத்தான் முதலில் தின்னும். மிஞ்சுவது போஸ்மினா, ரோட்டிஃபர் போன்ற சிறியவை. அவற்றால் அவ்வளவு பாசியைக் கட்டுப்படுத்த முடியாது. புதிதாக உரம் எதுவும் கலக்காமலே ஏரி பச்சையாவது இப்படித்தான். டிஎன்ஏ பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்தக் கதையை அதில் படிக்க முடியாது. ஐம்பது டாஃப்னியாவை அளவுகோலில் வைத்து அளந்தாலே தெரிந்துவிடும்.

படி 6: ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை

எந்த மரபணுத் துண்டைப் படிப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். நீலப்பச்சைப்பாசிக்கு 16எஸ், பொதுவாக மிதவையுயிரிகளுக்கு 18எஸ், டயாட்டத்துக்கு ஆர்பிசிஎல், விலங்கு மிதவையுயிரிகளை இன அளவில் பிரிக்க சிஓஐ, மீன்களுக்கு 12எஸ். ஒரே துண்டு எல்லாவற்றையும் பிடிக்காது. டிஎன்ஏ பிரிக்கும்போதும் பிசிஆர் செய்யும்போதும் தனித்தனி வெற்று மாதிரி ஓடுமா, ஒவ்வொரு மாதிரிக்கும் பிசிஆரை எத்தனை முறை திருப்பிச் செய்வார்கள் என்றும் கேளுங்கள். முடிவோடு மூலத் தரவுக் கோப்புகளையும் வாங்கி வையுங்கள். இன்று பெயர் தெரியாத டிஎன்ஏ வரிசைக்கு, ஒப்பீட்டுத் தரவுத்தளம் வளர்ந்த பிறகு பெயர் கிடைக்கலாம். மிச்சமுள்ள டிஎன்ஏவை உறைநிலையில் பாதுகாக்கச் சொல்லுங்கள்.

முடிவில் வரும் வாசிப்பு எண்களை (ஒரு டிஎன்ஏ துண்டு எத்தனை முறை படிக்கப்பட்டது என்ற எண்) உயிர்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சில பாசிகளின் ஒரே செல்லில் அந்த மரபணுவுக்கு ஆயிரக்கணக்கான பிரதிகள் இருக்கும், வேறு சிலவற்றில் மிகச் சில.

படி 7: இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்தல்

இரண்டிலும் வந்த பெயரை நம்பலாம். மைக்ரோஸ்கோப்பில் தெரிந்து டிஎன்ஏவில் வராதது என்றால், அந்த இனத்தின் வரிசை தரவுத்தளத்தில் இல்லாமல் இருக்கலாம், அல்லது பிசிஆர் அதைப் பிடிக்காமல் விட்டிருக்கலாம். டிஎன்ஏவில் மட்டும் வந்தது என்றால் அது அரிதாகவோ மிகச் சிறியதாகவோ இருக்கலாம், மேலிருந்து மிதந்து வந்ததாகவும் இருக்கலாம். கடல் மீனின் பெயர் நன்னீர் ஏரியில் வந்தால் பரபரப்படையாமல் வெற்று மாதிரியைப் போய்ப் பாருங்கள். ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் வந்த அபாய இனத்தை அறிவிக்கும் முன் மறுபடியும் மாதிரி எடுங்கள். உங்கள் ஏரியை வேறோர் ஏரியோடு ஒப்பிடுவதற்கு முன், அதே ஏரியின் போன வருட அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

படி 8: கழுவிக் காயவைத்தல்

அன்றைய வேலை வீடு திரும்பியதோடு முடிவதில்லை. வரிக்குதிரை மட்டி என்ற சிப்பியின் லார்வாக்கள் மிதவையுயிரிகளாகவே வாழ்பவை, கண்ணுக்குத் தெரியாதவை. வட அமெரிக்கப் பேரேரிப் பகுதிக்கு அவை கப்பல்கள் நிலைதடுமாறாமல் இருக்க நிரப்பும் சமநிலை நீரில் வந்து சேர்ந்தன, 1988-இல் கண்டுபிடிக்கப்பட்டன. ஈரமான ஒரு வலையும் அந்தக் கப்பல் செய்ததைச் சிறிய அளவில் செய்யும். வலை, கயிறு, செருப்பு, படகின் அடிப்பகுதி எல்லாவற்றையும் பார்த்துச் செடித் துணுக்குகளை எடுங்கள், கழுவுங்கள், வெயிலில் போடுங்கள். அடுத்த ஏரிக்குக் கிளம்பும் முன் வலையின் மடிப்புகள் வரை விரலால் தொட்டுப் பாருங்கள். எங்காவது ஈரம் இருந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.